நாங்கள் படித்த ஏரிக்கரை



ஏலகிரி மலைக்கு நாங்கள் இன்பச் சுற்றுலா சென்று வந்த கதையை இம்மலரின் வேறொரு பக்கத்தில் படித்திருப்பீர்கள். புலவர்களின் பெயரும் வள்ளல்களின் பெயரும் தாங்கிய 14 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து, வாந்தி எடுத்தவர்கள் எடுத்து முடித்து, புங்கனூர் ஏரியில் படகில் ஏறி அமர்ந்தபோது எல்லாத் துன்பமும் மறந்துபோயிற்று. அங்கே எங்களுடன் வந்த ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கேட்டாள்: "சிஸ்டர், நாம மலைமேலதானே இருக்கோம்? இந்தத் தண்ணி ஏன் கீழே ஓடிப் போகல?"

"கரை கட்டியிருக்காங்கம்மா" என்றார் சிஸ்டர்.

"கரையை யாரு புடிச்சிக்கினு இருக்காங்க?"

படகே சிரித்தது. சிஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. புங்கனூர் ஏரி இயற்கையாக அமைந்ததன்று, மனிதர் கரை போட்டுத் தேக்கியது என்பதை எங்களுக்கு எடுத்துச் சொல்லிவிட்டு, "கரையை யார் பிடித்திருக்கிறார்கள் என்பதற்கு நீங்களே விடை கண்டுபிடியுங்கள். ஊருக்குப் போனதும் நம் ஏரியில் தொடங்குவோம்" என்றார். அப்படித் தொடங்கியதே எங்கள் அறிவியல் கழகத்தின் இவ்வாண்டுப் பணி.

முதலில் பள்ளியின் பின்புறம், ஒரு பழைய தகரத் தட்டில் செம்மண்ணைப் பிசைந்து குறுக்கே ஒரு கரை போட்டோம். ஒரு சாண் அகலம், நான்கு விரல் உயரம். ஒரு பக்கம் தண்ணீர் ஊற்றினோம். நின்றது. கைதட்டினோம். பிறகு சிஸ்டர் சொற்படி அதைக் கெடுக்கத் தொடங்கினோம். கெடுக்கும் வேலையில் எங்களுக்கு இருந்த ஊக்கத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

கரை வழியும் மட்டும் தண்ணீர் ஊற்றியது முதல் முறை. நூல்போல ஒரு வழிசல் கரையின் மேல் ஓடிற்று. முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு வெளிப்பக்கச் சரிவில் ஒரு கீறல், கீறல் பள்ளமாயிற்று, பள்ளம் பின்னோக்கி நடந்து கரையின் மறுபக்கத்தைத் தொட்டதும் தட்டு முழுவதும் வெள்ளம். எண்ணிப் பார்த்தால் இரண்டு நிமிடம்கூட இல்லை. இரண்டாம் முறை புதிய கரை போட்டு, அதன் அடியில் ஒரு பப்பாளிக் குழலைச் செருகினோம். அதுதான் எங்கள் மதகு. தண்ணீர் குழலுக்குள்ளே சமர்த்தாக ஓடியது. ஆனால் சற்று நேரத்தில் குழலுக்கு வெளியே, குழலை ஒட்டியே, கலங்கலாக ஒரு நீர் கசிந்தது. சிறிது நேரத்தில் குழல் தனியே மிதந்தது. கரை உள்ளே குடைந்து விழுந்திருந்தது. மேலே பார்த்தவர்களுக்கு விழும் வரையில் ஒரு குறையும் தெரியவில்லை!

உலகத்தில் உடைந்த மண் அணைகளில் மிகப் பெரும்பாலானவை இந்த இரண்டு வழிகளில் ஏதேனும் ஒன்றில்தான் உடைந்தன என்று சிஸ்டர் சொன்னபோது, எங்கள் தகரத் தட்டின்மேல் எங்களுக்கு ஒரு மரியாதை ஏற்பட்டது. மூன்றாவதாக இன்னொரு வழியும் உண்டு. நிறைந்து நின்ற ஏரியை மிக விரைவாக வடித்தால், ஈரம் ஊறிய உட்சரிவு, அதுவரை தன்னைத் தாங்கி நின்ற நீரின் துணை போய்விட்டதால், அப்படியே வழுக்கி விழும். இதைத் தட்டில் செய்து பார்க்க எங்களால் முடியவில்லை.

எங்கள் ஊரை ஒட்டிய ஏரியைப் பெயர் சொல்லாமலே குறிப்பிடுகிறோம். எங்கள் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, குடியாத்தம், இராணிப்பேட்டைப் பக்கங்களில் இதைப்போல ஏரிகள் பல இருப்பதால் இது உங்கள் ஊர் ஏரியாகவும் இருக்கலாம். ஏரி கட்டுவது இந்தப் பக்கத்துக்குப் பழைய தொழில். அரக்கோணத்துக்கு மேற்கே உள்ள மகேந்திரவாடியில், பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டில் குடைவித்த கோயிலின் கல்வெட்டு அவன் பெயரிலான ஏரியையும் சேர்த்தே குறிக்கிறது. காவேரிப்பாக்கம் ஏரிக்கரையோ நடந்தால் கால் வலிக்கும். 8 கிலோமீட்டருக்குக் குறையாத நீளம். எங்கள் ஏரி அவ்வளவு பெரிதன்று, அவ்வளவு புகழுடையதுமன்று. ஆனால் அதன் கரையில் இப்பொழுது நடைபாதை உண்டு. சிமெண்டு இருக்கைகள் உண்டு. மாலையில் சுண்டல் வண்டி வருகிறது. ஷூ கம்பெனியில் வேலை முடிந்து வரும் எங்கள் தாய்மார் ஞாயிற்றுக்கிழமைகளில் காலாற நடக்கும் இடம் அதுதான்.

அங்கே எங்களுக்கு ஆசிரியராக வாய்த்தவர் ஒரு முதியவர். முன்னாளில் அந்த ஏரிக்கு நீர்க்கட்டியாக இருந்தவர். நீர்க்கட்டி என்றால் மதகைத் திறந்து மூடி, எந்த வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர் என்று முறைப்படி பாய்ச்சிய ஊர் ஊழியர். அவருக்குக் கூலி நெல்லாகக் களத்திலேயே அளக்கப்படுமாம். ஏரியின் நீர்மட்டம் எங்கே என்று நாங்கள் மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, அவரோ கரையின் வெளிப்பக்கம் இறங்கிச் சென்று புல்லைப் பார்த்தார்.

"இன்னா தாத்தா, ஏரி இந்தப் பக்கம் இருக்கு, நீங்க அந்தப் பக்கம் போறீங்க?" என்று கேட்டோம்.

"ஏரிக்கு நோவு வந்தா முதுகுலதான் தெரியும் பாப்பா" என்றார்.

அந்த ஒரு நாளில் அவரிடம் கற்றதைப் புத்தகத்தில் நாங்கள் கண்டதில்லை. வெயில் காலத்திலும் கரையின் அடியில் ஓரிடத்தில் மட்டும் புல் பச்சையாக இருந்தால், அங்கே உள்ளிருந்து நீர் வருகிறது. கரையின் மேல் நீளவாட்டில் வெடிப்பு இருந்தால், சரிவு நழுவப் பார்க்கிறது. கரை ஓரிடத்தில் தொய்ந்து தாழ்ந்திருந்தால், வெள்ளம் வரும்போது முதலில் அங்கேதான் வழியும். முழுக் கரையும் எவ்வளவு உயரமாக இருந்தாலும் அந்தத் தாழ்ந்த இடத்தின் உயரமே கரையின் உயரம். நண்டு வளை, எலி வளை, கரையான் புற்று ஆகிய மூன்றையும் அவர் பகைவர் பெயரைச் சொல்வதுபோலச் சொன்னார். மரத்தைப் பற்றி எங்களுக்கும் அவருக்கும் சிறு வழக்கு நடந்தது. மரம் மண்ணைப் பிடிக்கும் என்றுதானே பாடத்தில் படித்தோம்? "புல்லு புடிக்கும். பெரிய மரம் உசுரோட இருக்கிற வரைக்கும் புடிக்கும். செத்தா வேர் மக்கிப் பூடும். வேர் இருந்த இடம் குழாய் ஆயிடும்" என்றார். காற்றில் மரம் சாய்ந்தால் வேரோடு கரையின் ஒரு கவளத்தையும் பெயர்த்துக்கொண்டு போகும் என்பதையும் சேர்த்துக்கொண்டார். எங்கள் ஏரியின் உட்சரிவில் பாவிய கற்களுக்கிடையே வேலிக்காத்தான் ஆள் உயரம் வளர்ந்திருந்தது.

பச்சைப் புல் இருந்த இடத்தில் மண்ணைச் சற்று விலக்கியபோது, விரல் தடிமனில் ஒரு ஊற்று ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் பயந்துவிட்டோம். அவர் பயப்படவில்லை. கையில் ஏந்திப் பார்த்தார்.

"தண்ணி வர்றது தப்பில்ல பாப்பா. மண்ண இட்டுகினு வந்தாத்தான் தப்பு."

இந்த வாக்கியத்தில் மண் அணைப் பொறியியலின் பாதி அடங்கியிருக்கிறது என்று பின்னர் சிஸ்டர் சொன்னார். எந்த மண் கரையும் முழுக்க நீர் புகாததன்று. 3 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டரையும் 3 டன் எடையளவு விசையுடன் நீர் அழுத்துகிறது. அது மண்ணின் இடுக்குகள் வழியே மெல்ல மெல்ல ஊடுருவி, கரையின் அடியில் வெளிப்பட்டே தீரும். தெளிவாக வந்தால் கரை வெறுமனே வியர்க்கிறது என்று பொருள். கலங்கலாக வந்தால் உள்ளே மண் துகள்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பி வந்துகொண்டிருக்கின்றன. வெளி வாயிலில் தொடங்கிய சிறு பொந்து உள்நோக்கி நீண்டுகொண்டே போகிறது. ஏரியின் நீரை அது தொடும் நாள்தான் உடைப்பு நாள். ஆகவே ஊற்றை அடைக்கக் கூடாது. அடைத்தால் நீர் வேறு வழி தேடும். மணல், அதன்மேல் சிறு ஜல்லி, அதன்மேல் பெரு ஜல்லி என்று பரப்பினால் நீர் வெளியேறும், மண் உள்ளேயே தங்கும். நம் வீட்டில் காப்பி வடிகட்டும் தத்துவமேதான். டிகாஷன் இறங்க வேண்டும், தூள் இறங்கக் கூடாது.

ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த ஊற்று நீரை ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்து, தேதி எழுதி ஒட்டி, ஆய்வுக்கூடத்துச் சன்னலில் வைப்பது என்று அன்றே முடிவு செய்தோம். முதல் சனிக்கிழமைப் புட்டி பன்னீர்போலத் தெளிந்திருந்தது. இரண்டாவதும் அப்படியே.

இதற்கிடையில் நவம்பர் மாதம் வந்தது. வாணியம்பாடியிலிருந்து வரும் தோழியருக்கு அம்மாதத்தின் 12-ஆம் நாளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. 1903-ஆம் ஆண்டில் அந்த நாளில்தான் பாலாறு அவ்வூருக்குள் புகுந்தது. ஏறத்தாழ 200 பேர் மாண்டனர். அதற்கான நினைவுத் தூண் அவ்வூரில் இன்றும் நிற்கிறது. நாங்கள் அந்தத் தூணைப் பலமுறை பார்த்திருக்கிறோம்; "மழை அதிகமாகப் பெய்தது, வெள்ளம் வந்தது" என்று மட்டுமே அறிந்திருந்தோம். இவ்வாண்டுதான் மற்றொரு பாதியை அறிந்தோம்.

பாலாறு நந்தி மலைப் பக்கம் பிறந்து, கர்நாடகத்தில் 93 கிலோமீட்டரும் ஆந்திரத்தில் 33 கிலோமீட்டரும் ஓடிய பிறகே நம்மிடம் வருகிறது. மேலே அன்றைய மைசூர் நாட்டில் அதன் குறுக்கே பெரிய ஏரிகள் இருந்தன. கோலார் தங்கவயலுக்குக் குடிநீர் தந்த பேத்தமங்கலம் ஏரி அவற்றுள் ஒன்று. 1903-இன் பெருமழையில் அந்த ஏரிகள் உடைந்தன. ஏரிகள் சங்கிலியாக அமைந்தவை; மேலேரி நிறைந்தால் அதன் மிகை நீர் கீழேரிக்கு வரும் என்பது எவ்வளவு அழகான ஏற்பாடோ, அவ்வளவு அச்சமூட்டுவதும்கூட. மேலேரி உடைந்தால் அதன் மொத்த நீரும் ஒரே மணி நேரத்தில் கீழேரியின் தலையில் விழும். அந்த நீருக்குக் கீழேரியின் கரை கட்டப்பட்டிருக்கவில்லை. இப்படித் திரண்ட தண்ணீர்தான் உறங்கும் வாணியம்பாடியை வந்து அடைந்தது. வானம் கொன்றது பாதி. கரை உடைந்தது பாதி. 2021 நவம்பரில் பாலாறு பெருகி ஓடியபோது, பாலத்தின்மேல் நின்று வேடிக்கை பார்த்த எங்கள் பாட்டிமார் 1903 என்ற எண்ணை உச்சரித்ததன் பொருள் இப்பொழுதுதான் விளங்குகிறது.

மிகை நீர் என்று சொன்னோம். இனி அதன் வாயிலைப் பார்ப்போம். ஏரி நிறைந்ததும் நீர் கரைமேல் ஏறாமல் வெளியே செல்வதற்காகக் கல்லால் கட்டிய தாழ்ந்த இடமே கலிங்கல். நம் பக்கத்தில் 'கோடி' என்போம். "ஏரி கோடி போகுது" என்று கேட்டால் ஊரே மகிழ்ந்து ஓடிப்போய்ப் பார்க்கும், ஆட்டுக்கிடா வெட்டிப் பூசை போடுவோரும் உண்டு. மண் கரை நீரைத் தாங்கும். தன்மேல் வழியும் நீரை ஒருபோதும் தாங்காது. ஆகவே கோடிதான் கரையின் உயிர். 1979 ஆகஸ்டு 11-இல் குஜராத்தில் மோர்பி நகரை அழித்த மச்சு அணையின் கதை இதுவே. வந்த வெள்ளத்துக்கு மதகுகள் போதவில்லை. நடுவிலிருந்த கட்டுமானம் நின்றது, இரு பக்கத்து மண் கரைகள் வழிந்து அடித்துச் செல்லப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

எங்கள் ஏரியின் கோடிக்குச் சென்றபோது, அங்கே குறுக்கே மூங்கில் தட்டியும் வலையும் கட்டியிருப்பதைக் கண்டோம். மீன் ஏலம் எடுத்தவர் மீன் வெளியேறாமல் இருக்கக் கட்டியது. வலையில் ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக் பைகளும் சேர்ந்து சுவர்போல அடைத்திருந்தன. அதைப் பெரிதாக நினைக்காமல் நகர்ந்துவிட்டோம். சிஸ்டர்தான் எங்களை அங்கேயே நிறுத்திவைத்து அமெரிக்காவின் ஜான்ஸ்டவுன் கதையைச் சொன்னார்.

பென்சில்வேனியா மாநிலத்தில், கால்வாய்ப் படகுகளுக்கு நீர் தருவதற்காக 1853-இல் கட்டி முடிக்கப்பட்ட மண் அணை ஒன்று இருந்தது. உயரம் 72 அடி. இரயில் வந்தது, கால்வாய்க்கு வேலை போயிற்று, அணை பல கைகள் மாறியது. அடியிலிருந்த இரும்பு வடிகுழாய்களை ஒருவர் பிடுங்கிப் பழைய இரும்பாக விற்றுவிட்டார். 1879-க்குப் பிறகு அது பிட்ஸ்பர்க் நகரச் செல்வந்தர்களின் பொழுதுபோக்கு மன்றத்துக்கு வந்தது. படகு, மீன்பிடி, கோடைக்கால வீடுகள். உடைந்திருந்த கரையைச் சரியான முறையின்றி ஒட்டுப்போட்டார்கள். பிடுங்கிய குழாய்களுக்குப் பதில் வேறு குழாய் வைக்கவில்லை. இரண்டு குதிரை வண்டிகள் எதிரெதிரே செல்ல வேண்டுமென்று கரையின் உச்சியைத் தாழ்த்தி அகலப்படுத்தினார்கள். விலை கொடுத்து வாங்கி விட்ட மீன்கள் தப்பிவிடக் கூடாதென்று மிகை நீர் வழியில் சல்லடைத் தடுப்பு வைத்தார்கள். 1889 மே 31 அன்று பெருமழை. தடுப்பில் குப்பை அடைத்தது; தாழ்த்திய உச்சியில் நீர் வழிந்தது; அணை போயிற்று. 14 மைல் கீழே இருந்த ஜான்ஸ்டவுன் நகரில் 2,209 பேர் இறந்தனர்.

எங்கள் கோடியில் கட்டியிருந்த மூங்கில் தட்டியைத் திரும்பிப் பார்த்தோம். யாரும் பேசவில்லை.

அந்த மன்றத்தார் கொடியவர்கள் என்று நாங்கள் எண்ணவில்லை. அவர்கள் செய்த ஒவ்வொன்றும் ஒரு சிறு வசதிக்காகச் செய்தது. ஏரி அவர்களுக்கு நீர்ப்பரப்பாகத் தெரிந்தது. கரை அவர்களுக்குச் சாலையாகத் தெரிந்தது. இலங்கையிலும் அப்படித்தான். திருகோணமலைக்கு அருகே கந்தளாய்க் குளம் பழந்தமிழரும் சிங்களரும் அறிந்த தொன்மையான குளம். அதன் கரைமேல் மிகக் கனமான வண்டிகளை ஓட்டினார்கள். 1986 ஏப்ரல் 20 விடியுமுன் அது உடைந்து 120 பேருக்கு மேல் மாண்டபோது, அந்த வண்டிகளே முக்கிய காரணம் என்று கூறப்பட்டது.

இங்கே நம் பக்கத்துச் செய்தி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் ஏரிகளை நாள்தோறும் பார்த்த கண்கள் எங்கே போயின? ஆயக்கட்டு உழவர்களின் கண்கள் அவை. ஏரி உடைந்தால் அவர்கள் பயிர் போகும். ஆகவே கூப்பிடாமலே கரைக்கு வருவார்கள். வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்து பழுது பார்ப்பது குடிமராமத்து. தோல் பதனிடும் தொழில் நமக்குச் சோறு போட்டது. இதை எழுதும் எங்களில் பாதிப்பேர் அந்தச் சோற்றில் வளர்ந்தவர்கள். ஆனால் அதன் கழிவு நீர் கிணற்றையும் வயலையும் உப்பாக்கிற்று. 1996 ஆகஸ்டு 28-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், இந்தத் தோல் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிட முடியாமல் போனது குறிக்கப்பட்டுள்ளது. வயல் போனது, உழவர் வேறு வேலைக்குப் போனார், நீர்க்கட்டிக்கு நெல் அளக்க ஆளில்லை. ஆயக்கட்டு இருந்த தாழ்ந்த நிலத்தில் வீடுகள் எழுந்தன. எங்கள் பள்ளித் தோழியர் பலர் அந்த வீடுகளில்தான் இருக்கிறார்கள். முன்பு கரைக்குக் கீழே நெல் இருந்தது, கரையைப் பார்க்க ஆள் இருந்தார். இப்பொழுது கரைக்குக் கீழே குழந்தைகள் இருக்கிறார்கள், பார்க்க ஆள் இல்லை. மேலே நடப்பவர்களோ நீரைப் பார்த்து நடக்கிறார்கள், வெளிச்சரிவைப் பார்ப்பதில்லை. (தேங்கி நிற்பது தண்ணீர் மட்டுமன்று என்பதும் நம் வட்டாரத்துக்குத் தெரியும். 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் தோல் கழிவுச் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் இரவில் இடிந்து, அருகே உறங்கிய தொழிலாளர் உட்பட 10 பேர் இறந்தார்கள். அது மண் கரையன்று என்றாலும், தாங்கும் அளவைக் கேட்காமல் நிரப்பியது என்ற வகையில் இதே பாடம்தான்.)

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். 2021-இல் அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகளும், 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவற்றில் நீளம், கொள்ளளவு போன்ற நிபந்தனைகளுக்கு உட்பட்டவையும் அதில் அடங்கும். எங்கள் ஏரிக்கரையின் உயரத்தைச் செங்கோண முக்கோணப் பாடத்தின் உதவியால் அளந்தோம். 5 மீட்டர்கூட வரவில்லை. ஆகவே அது அந்தச் சட்டத்தின் கண்ணில் அணையே அன்று. ஆனால் ஏரியில் 20 ஹெக்டேர் பரப்பில் சராசரி 2 மீட்டர் நீர் நின்றால் 4 இலட்சம் டன் என்று கணக்கு சொல்கிறது. இந்தக் கணக்கைப் போட்டவள் அன்று இரவு தூங்கவில்லை என்று சொன்னாள். அவள் வீடு கரையின் அடியில் இருக்கிறது.

பெரியவர்கள் சிலர், "இவ்வளவு சிறிய ஏரி என்ன செய்துவிடும்?" என்று எங்களைக் கேட்டனர். அவர்களுக்காக இன்னொரு பள்ளியின் கதை. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் டொக்கோவா என்னும் ஊரில் ஒரு விவிலியக் கல்லூரி. அருவிக்கு மேலே 38 அடி உயரத்தில் கெல்லி பார்ன்ஸ் என்ற மண் அணை. மின்சாரம் எடுப்பதற்காகக் கட்டியது. 1957-இல் மின் உற்பத்தி நின்றபின் அது வெறும் பொழுதுபோக்கு ஏரியாயிற்று. வெளிச்சரிவு செங்குத்தாக இருந்தது, மரங்கள் வளர்ந்திருந்தன. 1977 நவம்பர் 6, இரவு ஒன்றரை மணி, பெருமழை. அணை உடைந்து 39 பேர் இறந்தனர். அவர்களில் 20 பேர் குழந்தைகள். அதன்பிறகே அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் கார்ட்டர் நாடெங்கும் உள்ள ஆபத்தான அணைகளைப் பார்வையிட ஆணையிட்டார்.

நம் மலைவாசத்தலங்களின் ஏரிகளும் வயதானவையே. உதகை ஏரியை ஜான் சல்லிவன் 1820-களில் உருவாக்கினார். கொடைக்கானல் ஏரிக்கு 1863-இல் கரை போட்டவர் லெவிஞ்ச். படகில் ஏறுகிறவர்கள் இந்தப் பெயர்களைச் சில வேளை அறிவார்கள். கரை எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால் தெரியாது. ஏலகிரியில் நாங்களும் அப்படித்தான் இருந்தோம்.

மூன்றாம் சனிக்கிழமைக்கு வருவோம். வெள்ளியன்று இரவு முழுதும் மழை. ஏரி கோடியை எட்ட ஒரு சாண் இருந்தது. புட்டியைப் பிடித்து வந்த எட்டாம் வகுப்புப் பெண், "சிஸ்டர், மோர் மாதிரி இருக்கு" என்றாள். சன்னலில் வைத்தோம். மதிய உணவு மணி அடிப்பதற்குள் புட்டியின் அடியில் நகக்கண் அளவு செம்மண் படிந்துவிட்டது.

சிஸ்டர் உடனே தலைமையாசிரியை அம்மாவிடம் சொன்னார். தொலைபேசியில் இரண்டு மூன்று இடங்களுக்குப் பேசினார்கள். அன்று மாலையே ஒரு பொறியாளர் வந்தார். பள்ளிப் பெண்கள் புட்டியில் தண்ணீர் பிடித்ததற்காக வரச் சொல்கிறார்களே என்று முதலில் அவர் முகத்தில் ஒரு சலிப்பு இருந்தது உண்மை. மூன்று புட்டிகளையும் வரிசையாக வைத்துக் காட்டியதும், அவர் தேதிகளைப் படித்தார். பிறகு எங்களிடம் ஒன்றும் சொல்லாமல் கரைக்கு நடந்தார். இருட்டுமுன் ஒரு டிராக்டர் மணலும் இரண்டு டிராக்டர் ஜல்லியும் வந்தன. நாங்கள் தட்டில் செய்ததைப் போலவே, மணல், சிறு ஜல்லி, பெரு ஜல்லி என்று ஊற்றின்மேல் பரப்பினார்கள். சுற்றிலும் மணல் மூட்டை அடுக்கினார்கள். மதகைச் சிறிதளவே திறந்து, மெல்ல மெல்ல நீர்மட்டத்தைக் குறைத்தார்கள். ஒரேயடியாகத் திறக்காதது ஏன் என்று இதைப் படிக்கும் நீங்கள் இப்பொழுது சொல்லிவிடுவீர்கள். கோடியிலிருந்த மூங்கில் தட்டியை நீர்க்கட்டித் தாத்தா யாரையும் கேட்காமல் அரிவாளால் அறுத்துவிட்டார். மீன் ஏலக்காரர் வந்து சத்தம் போட்டார். தாத்தா காது கேளாதவர்போல நின்றார். நாங்கள் அறிந்தவரையில் அவருக்குக் காது நன்றாகவே கேட்கும்.

அந்த ஊற்று ஓர் எலி வளையிலிருந்து வந்திருக்கலாம் என்றும், பழைய மதகுக் குழாயை ஒட்டி வந்திருக்கலாம் என்றும் பொறியாளர் கூறினார். கோடையில் ஏரி வற்றியபின் தோண்டிப் பார்த்தால்தான் உறுதியாகும். நான்காம் புட்டி சிறிது மங்கல். ஐந்தாவது தெளிவு. கரை இன்னும் முழுதாகச் செப்பனிடப்படவில்லை. வேலிக்காத்தானை வெட்டிவிட்டார்கள், வேர் இருக்கிறது.

இம்மலர் அச்சுக்குப் போகும் நாள் வரையில் 19 புட்டிகள் சன்னலில் இருக்கின்றன. வேதியியல் ஆசிரியைக்குப் புட்டி போதவில்லை என்று குறை. கோடை விடுமுறையில் பிடிப்பதற்குக் கரையின் அடியில் குடியிருக்கும் நான்கு மாணவியர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஜூன் முதல் சனிக்கிழமை ஏழாம் வகுப்பு 'ஆ' பிரிவின் முறை. காலை 7 மணிக்கு வாயிலருகே நிற்கவும்; பழைய செருப்பு அணிந்து வரவும். புட்டி கொண்டுவரும் பெற்றோர், மூடியுடன் கொடுத்தால் நலம்.